பிரகான்சாவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

அம்மாவும் நானும் நலம். என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாமா வீட்டுப் புதுமனைப் புகுவிழா நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் உன்னைத்தான் விசாரித்தார்கள். போர்ச்சுகலில் எந்த ஊர் என்று திருச்சி அத்தை மறுபடியும் கேட்டாள். "பம்பாயைச் சீதனமாக இங்கிலாந்து ராஜாவுக்குக் கொடுத்தார்களே, அந்தக் கேத்தரின் ராணியின் குலப்பெயரே நம் பெண் இருக்கும் ஊரின் பெயர்தான்" என்றேன். பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. கஷ்கொட்டை மரங்களுக்கு வரும் நோயைப் பற்றி நீ ஆராய்ச்சி செய்வதையும் சொன்னேன்.

குளிர் எப்படி இருக்கிறது? அந்தப் பக்கத்துக்காரர்களே 'ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்' என்று சொல்வார்களாம். ஸ்வெட்டருக்கு மேல் கோட் போடாமல் வெளியே போகாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

நீ உன்னைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. அதனால் உன் ஊரைப் பற்றிப் படிக்கிறேன். வரலாறு நடத்தியே பழகியவனுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. நீ இன்று மதியம் என்ன சாப்பிட்டாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் 12ஆம் நூற்றாண்டில் அந்த மலைநாட்டை யார் ஆண்டார்கள் என்று தெரியும். பிரகான்சா குலத்துப் பிரபுக்கள். அவர்களில் பெர்னாவ் மெண்டெஸ் என்பவருக்கு, போர்ச்சுகலின் முதல் அரசர் அஃபோன்சோ என்ரிக்கெஸ் தன் சகோதரி சாஞ்சாவையே மணம் முடித்துக் கொடுத்தார். இந்தப் பக்கம் போர்ச்சுகல், அந்தப் பக்கம் லியோன் அரசு. எல்லையில் இருக்கும் பிரபு எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் நாடு நீளும். அரசர்கள் அவர்களை உறவாக்கிக்கொண்டது அதற்காகத்தான். 1187இல் முதலாம் சாஞ்சோ ஊருக்கு உரிமைப் பட்டயம் கொடுத்தார். கோட்டைக்கு நடுவே நிற்கும் பெரிய கோபுரம் பிந்தியது, முதலாம் ஜுவாவ் காலத்து வேலை.

எனக்கு அந்தக் கோபுரத்தைவிடப் பிடித்தது பக்கத்தில் இருக்கும் ஊர் மன்றம்தான். ஐந்து பக்கச் சுவர், அதுவும் ஒரே அளவில் இல்லை. வரிசையாக வளைவு ஜன்னல்கள். உள்ளே சுற்றிலும் கல் திண்ணை. கீழே மழைநீர் சேரும் தொட்டி, மேலே ஊர்ப் பெரியவர்கள் கூடி வழக்குப் பேசும் இடம். நீ அனுப்பிய படத்தில் அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தாய். நீலச் சால்வை, கையில் ஒரு காகிதப் பொட்டலம். சிரித்திருந்தாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. ஜன்னல் வெளிச்சத்தில், படம் எடுத்தவரின் நிழல் உன் கால்வரைக்கும் நீண்டிருந்தது. படம் எடுத்தது யார் என்று நீ எழுதவில்லை. சரி.

அந்த ஊரில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறேன். உனக்கு முன்பே தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் சொல்ல வேண்டும்.

போர்ச்சுகல் அரசர் நான்காம் அஃபோன்சோவின் மகன் பெட்ரோ. அவன் மனைவி கொன்ஸ்டான்சாவோடு தோழியாக வந்தவள் இனேஷ். கலீசியாவின் பெரிய பிரபு வம்சமான காஸ்ட்ரோ வீட்டுப் பெண். பெட்ரோ அவள்மேல் ஆசை வைத்தான். கொன்ஸ்டான்சா இறந்த பிறகு இருவரும் சேர்ந்தே வாழ்ந்தார்கள், பிள்ளைகளும் பிறந்தார்கள். அரசருக்கு இது பிடிக்கவில்லை. இனேஷின் அண்ணன் தம்பிகள் பெட்ரோவைக் காஸ்டீல் நாட்டுச் சண்டைகளில் இழுத்துவிடுவார்கள் என்று பயந்தார். 1355 ஜனவரி 7ஆம் தேதி கோயிம்ப்ராவில் அவளைக் கொல்லச் செய்தார். மகன் அப்பா மேலேயே படையெடுத்தான். பிறகு சமாதானம் ஆனார்கள். சமாதானம் என்று ஏட்டில் எழுதலாம். அந்த அப்பாவும் மகனும் அதற்குப் பிறகு ஒரே பந்தியில் உட்கார்ந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்க்கிறேன்.

அப்பா போனதும் 1357இல் பெட்ரோ அரசனானான். 1360 ஜூனில், கந்தன்யேத் என்ற ஊரில் எல்லோர் முன்னிலையிலும் சத்தியம் செய்து சொன்னான்: ஏறக்குறைய ஏழு வருஷத்துக்கு முன்னால் பிரகான்சாவில் இனேஷை முறைப்படி மணந்துகொண்டேன். கல்யாணத்தை நடத்திவைத்த குவார்டா பிஷப் ஜில்லும், எஸ்டெவாவ் லொபாட்டோ என்ற அரண்மனைப் பணியாளரும் சாட்சி சொன்னார்கள். எந்த நாள், எந்த மாதம் என்று அரசனுக்கே நினைவில்லை. இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவன் கொடுத்த காரணம்தான் என்னை உலுக்கிவிட்டது. அப்பாவுக்குப் பயந்து சொல்லவில்லையாம்.

அப்பாவுக்குப் பயந்து! அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, கண்ணு. இனேஷ் உயிரோடு இருந்தபோது அவளை மனைவி என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. செத்த பிறகு அல்கோபாசா மடத்தில் ராணிக்குரிய கிரீடத்தோடு அவள் உருவத்தைப் சுண்ணாம்புக்கல் கல்லறை மேல் செதுக்கிவைத்தான். யாருக்குப் பிரயோஜனம்? 1385இல் கோயிம்ப்ராவில் அடுத்த அரசரைத் தேர்ந்தெடுக்கக் கூடியபோது, ஜுவாவ் தாஸ் ரெக்ராஸ் என்ற சட்ட அறிஞர் எழுந்து அந்தக் கல்யாணம் செல்லவே செல்லாது என்று வாதாடினார். இனேஷின் மகன்கள் சிம்மாசனத்தை இழந்தார்கள். பெட்ரோவுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த ஜுவாவ் அரசரானார். அவருக்கும் கல்யாணத்துக்கு வெளியே ஒரு மகன் உண்டு, அவன் பெயரும் அஃபோன்சோ. 1442இல் பிரகான்சாவின் முதல் டியூக் ஆனது அவன்தான். திருச்சி அத்தைக்கு நான் சொன்ன கேத்தரின் அந்த வழியில் வந்தவள். 1640இலிருந்து நாட்டையே ஆண்டது அந்த வீடு. மறைத்துவைத்த ஒரு கல்யாணத்தால் ஒரு கிளை பட்டுப்போய் இன்னொரு கிளை தழைத்தது.

நான் எதற்காக இதை எழுதுகிறேன் என்று நீ யோசிப்பாய். போன மாசம் வீடியோ காலில் உன் பின்னால் சுவர்க் கொக்கியில் ஒரு கோட் தொங்கியது. பழுப்பு நிறம், முழங்கைப் பக்கம் தோல் ஒட்டுப் போட்டது. உன் தோளைவிட ரொம்ப அகலம். அம்மாவும் பார்த்தாள். அன்றைக்கு நீ சீக்கிரமே போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் வீடியோவே இல்லை, குரல் மட்டும்தான். நெட் சரியில்லை என்கிறாய். பத்தாம் வகுப்பில் கணக்கில் குறைந்த மார்க்கை வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே வந்த பெண் நீ.

பெரியப்பா வீட்டில் நடந்ததை நினைத்துத்தான் வாயைத் திறக்காமல் இருக்கிறாயா? அந்த வெள்ளிக்கிழமை அவர் பேசிய பேச்சு வேறு, நான் சொன்னது வேறு. நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய், எனக்குத் தெரியும். நான் சொன்னதை நினைவுபடுத்திப் பார். அதற்காக அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றதும் உனக்குத் தெரியும்.

அந்த ஊரில் இன்னொரு அப்பாவும் இருந்திருக்கிறார். ஜுவாவ் அஃபோன்சோ பிமென்டெல், பிரகான்சாவின் பிரபு. தன் மகள் பியட்ரிஸை மார்ட்டிம் அஃபோன்சோ டி மெலோ என்ற பெரிய இடத்துப் பிள்ளைக்குக் கொடுத்தார். அந்தப் புருஷனே அவளைக் கொன்றுவிட்டான். அரசர் ஜுவாவ் அவனைத் தண்டிக்கவில்லை. நியாயம் வழங்காத அரசனுக்கு நான் எதற்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று 1398இல் பிமென்டெல் எல்லை தாண்டிக் காஸ்டீல் பக்கம் போய்விட்டார். அங்கே அவரைப் பெனவென்டே பிரபுவாக்கினார்கள். அவர் போனதற்குப் பதவி ஆசையும் காரணமாக இருக்கலாம், எல்லைப் பிரபுக்கள் எப்போதும் கணக்குப் போடுகிறவர்கள்தான். ஆனால் மகளின் சாவை அவர் வைத்த குறைகளில் ஒன்றாகச் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்களே, அது எனக்குப் போதும். இந்த இரண்டு அப்பாக்களில் நான் யார் பக்கம் என்று உனக்குத் தெரியாதா?

உன்னோடு இருப்பவர் யாராக இருந்தாலும் நல்லவரா? உன்னை மரியாதையாக நடத்துகிறாரா? குரலை உயர்த்திப் பேசுகிறாரா? இதை மட்டும் சொல். சாதி, நாடு, மதம் எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். அம்மாவுக்குக் கொஞ்ச நாள் வருத்தம் இருக்கும். ஊர் பேசும். திருச்சி அத்தை நிச்சயமாகப் பேசுவாள். பேசட்டும். பதிவு ஏதாவது முடிந்திருந்தால் தேதியைச் சொல். என் மகளின் கல்யாண நாள் எனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. முடியவில்லை என்றால் இன்னும் நல்லது, நானும் அம்மாவும் விசாவுக்கு எழுதிப் போடுகிறோம். ஒன்றுமே இல்லை, அது வீட்டுக்காரரின் கோட் என்றால் அதையும் சொல்லிவிடு. நான் இத்தனை எழுதியதற்குக் கோபப்படாதே.

கோட் போடாமல் வெளியே போகாதே. ராத்திரி ஆற்றங்கரைப் பக்கம் தனியாக நடக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா இட்லிப்பொடி இடித்துவைத்திருக்கிறாள். பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கொஞ்சம் முறுக்கும் உண்டு. வியாழக்கிழமை பார்சல் அனுப்புகிறேன். ஒருவருக்கா, இரண்டு பேருக்கா என்று புதன்கிழமைக்குள் எழுது. அதற்குத் தகுந்தாற்போல் கட்ட வேண்டும். அவருக்குக் காரம் ஒத்துக்கொள்ளுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
அப்பா