பச்சக்குழந்தை ஐசியூ வராண்டாவுல இருந்து, தமிழ்ல ஆப் செய்யுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

குறைமாசத்துல பொறந்து ஐசியூல கிடக்குற பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்குன்னு ஆப் செய்யுறவங்க, அத இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்கு மாத்துறவங்க, மாத்துனத சரின்னு சொல்லி ஆஸ்பத்திரி செவுத்துல க்யூஆர் கோடு ஒட்டுறவங்க, எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதுறேன். எம் பொண்ணு 30 வாரத்துல பொறந்தா, 1,240 கிராம். 43 நாள் ஆஸ்பத்திரியில இருந்தோம். இப்ப அவளுக்கு ஒண்ணே கால் வயசு ஆகுது, நல்லா இருக்கா, செவுத்த புடிச்சுக்கிட்டு நடக்குறா. இத மொதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா அந்த வராண்டாவுல உக்காந்திருந்த எந்த அம்மாவும் பிள்ளைக்கு என்னாச்சுன்னு தெரியாம மேல படிக்க மாட்டா.

நடந்தது இதுதான். 32வது நாளு பாப்பாவ இன்குபேட்டர்ல இருந்து, அதான் சூடு குடுக்குற கண்ணாடிப் பெட்டியில இருந்து எடுத்து பக்கத்து வார்டுல எங்ககிட்ட குடுத்திருந்தாங்க, அங்க அம்மாக்களே டயப்பர் மாத்தி, பால் குடுத்து, எடை போடுற எடத்துக்கு தூக்கிட்டு போகணும். அன்னைக்கு விடிகாலைல டயப்பர பிரிச்சா மோஷன்ல நூலு மாதிரி ஒரு செவப்பு கோடு. வெளிய வந்து அத்தைகிட்ட சொன்னேன், "சூடு கண்ணு, உனக்கு ஒடம்பு சூடு, பால்ல எறங்கியிருக்கும், நல்லா தண்ணி குடி"ன்னாங்க. அவங்க மேல தப்பு இல்ல, நாலு பிள்ளை பெத்து வளத்தவங்க, நானும் நம்பிட்டேன். மூணு மணி நேரம் கழிச்சு டூட்டி மாறி வந்த சிஸ்டர் அடுத்த டயப்பர பாத்தாங்க, வயித்த தொட்டாங்க, வயிறு கல்லு மாதிரி இருந்துச்சு, அப்புறம் ஒரே ஓட்டம். பால நிறுத்தி, எக்ஸ்ரே எடுத்து, ட்ரிப்ஸ், ஆண்டிபயாடிக், மறுபடியும் உள்ள. குடல்ல இன்ஃபெக்ஷன் ஆரம்பம்னாங்க. குறைமாச பிள்ளைங்களுக்கு வர்றதுலயே ரொம்ப பயப்பட வேண்டியது அதுதானாம், ஆரம்பத்துலயே பாத்ததால ஏழு நாள்ல தப்பிச்சா.

அன்னைக்கு ராத்திரி வராண்டாவுல உக்காந்து, ஆஸ்பத்திரி செவுத்துல கோடு ஒட்டியிருந்த உங்க ஆப்ப திறந்தேன். எச்சரிக்கை அறிகுறிகள்னு ஒரு பக்கம் இருக்கு, அத நான் ஏற்கனவே ரெண்டு தடவை படிச்சிருக்கேன். மூணாவது வரி இப்படி இருந்துச்சு: "முக்காலியில் இரத்தம் தென்பட்டால் உடனடியாக செவிலியருக்கு தெரிவிக்கவும்." மொத தடவை படிச்சப்ப ஊசி போட உக்காருற ஸ்டூல சொல்றாங்களோன்னு நெனச்சு தாண்டிப் போயிட்டேன். இங்கிலீஷ்ல மலத்துக்கும் முக்காலிக்கும் ஸ்டூல்னு ஒரே வார்த்தை, அத எவரோ, இல்ல எதோ மெஷினு, உக்காருற முக்காலியா மாத்தி வச்சிருக்கு. எனக்கு தெரிய வேண்டிய விஷயம் எங் கையில போன்லயே இருந்துச்சுங்க, அது தமிழ்லயும் இருந்துச்சு, ஆனா எனக்கு வந்து சேரல.

இத உங்களுக்கு எழுதி அனுப்பினேன். மரியாதையாத்தான் பதில் வந்துச்சு, மொழிபெயர்ப்ப ரெண்டு பேரு பாத்தாச்சு, தமிழ திரும்பவும் இங்கிலீஷுக்கு மாத்தி ஒப்பிட்டும் பாத்தாச்சு, எல்லாம் பொருந்துச்சுன்னு. ரொம்ப நேரம் யோசிச்சேன் இத. முக்காலிய திரும்ப இங்கிலீஷுக்கு மாத்துனா அதே வார்த்தைதானுங்களே வரும்? அப்ப நீங்க நம்புற சோதனை இந்த தப்ப என்னைக்குமே புடிக்காது. இங்கிலீஷ் பக்கத்துல நின்னு பாத்தா எல்லாமே பொருந்தும். படிக்கிற அம்மா பக்கத்துல ஒரு தடவை உக்காந்து "இந்த வரி என்ன சொல்லுது, உங்க வாயால சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தா ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். இவ்வளவு பெரிய வேலைல அந்த ஒரு நிமிஷத்த மட்டும் விட்டுட்டீங்க.

முக்காலி ஒண்ணு மட்டும்னா விட்டிருப்பேன். பால் குடுக்குற பக்கம் பூரா "தீவனம்"னு இருந்துச்சு, "ஒவ்வொரு தீவனத்துக்கும் முன் கைகளை கழுவவும்". நாங்க மாடு வச்சிருக்க குடும்பம், தீவனம்னா எங்களுக்கு புண்ணாக்கும் தவிடும்தான், மார்ல பால் ஊறாம அழுதுகிட்டு இருக்கவ கண்ணுல அந்த வார்த்தை பட்டா எப்படி இருக்கும்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல. இன்னொரு எடத்துல எம் பொண்ணு மாதிரி பிள்ளைங்கள "குறைப்பிரசவ குழந்தை"ன்னு போட்டிருந்தீங்க. எங்க பக்கம் குறைப்பிரசவம் ஆச்சுன்னா பிள்ளை தங்கலன்னு அர்த்தம். எங்கம்மா அத வாசிச்சுட்டு போன கவுத்து வச்சுட்டாங்க, அதுக்கப்புறம் தொடவே இல்ல. குறைமாசம்னு சொல்லுங்க, மாசம் முந்தி பொறந்த பிள்ளைன்னு சொல்லுங்க, எல்லாருக்கும் புரியும், யாருக்கும் வலிக்காது.

பாலாடை விஷயம்தான் எனக்கு மனசே ஆறல. உறிஞ்ச தெம்பில்லாத பிள்ளைக்கு பீச்சி எடுத்த பால சின்ன மூக்கு வச்ச கிண்ணத்துல சொட்டு சொட்டா வாயோரம் விடுவோமே, சங்குன்னும் சொல்லுவாங்க, அதுக்கு இந்தியா பூரா குழந்தை டாக்டருங்க படிக்கிற இங்கிலீஷ் புத்தகத்துல பாலாடைன்னே போட்டிருக்கு, எங்க டாக்டர்தான் காமிச்சாங்க. நம்ம பாட்டிமாரு கையில இருந்து போன சொல்லு. உங்க தமிழ் ஆப்புல அதுக்கு "உணவளிக்கும் கோப்பை"ன்னு இருக்கு. சீம்பாலுக்கும் அதே கதைதான், "கொலஸ்ட்ரம்"னு எழுதியிருக்கீங்க, பக்கத்து பெட் அக்கா அத ஏதோ மருந்துன்னு நெனச்சு எந்த கடையில கிடைக்கும்னு கேட்டாங்க.

அந்த வார்டுல எவ்வளவு நல்ல தமிழ் பேசுனாங்க தெரியுங்களா. பாப்பாவுக்கு மானிட்டர் கத்தும், நான் நடுங்குவேன், ராத்திரி டூட்டி சிஸ்டர் வந்து உள்ளங்கால லேசா சுண்டிவிட்டு, "ஒண்ணுமில்லமா, மூச்சு விட மறந்துட்டா, ஞாபகப்படுத்திட்டேன், இனி விடுவா, மூளை இன்னும் கொஞ்சம் வளரணும், அதுக்குத்தான் காஃபின் மருந்து குடுக்குறோம்"னாங்க. எனக்கு மொத்தமும் புரிஞ்சு போச்சு. அதே விஷயத்துக்கு உங்க ஆப்புல "மூச்சுத்திணறல் நிகழ்வு"ன்னு இருக்கு. திணறுறது வேற, மறக்குறது வேற. பயமுறுத்துறதும் தைரியம் குடுக்குறதும் அந்த ஒரு சொல்லுலதான் இருக்கு.

சரி, வார்த்தையெல்லாம் திருத்திட்டீங்கன்னே வைங்க, அப்பவும் பாதி வேலைதான் முடியும். இங்கிலீஷ் ஆப்புல இல்லாதது எதெல்லாம் எங்க வீட்டுல இருக்குன்னு யாரு எழுதுறது? டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு போன மொத நாளே உரமருந்து தயாரா இருந்துச்சு, வசம்பு சுட்டு வச்சிருந்தாங்க, குளிக்க வச்சதும் சாம்பிராணி போடணும்னாங்க, மூக்குல எண்ணெய் விட்டு ஊதி எடுக்க ஒரு பாட்டிய வரச் சொல்லியிருந்தாங்க. எல்லாமே அன்புல செய்யுறது. ஆனா 1,800 கிராம் பிள்ளைக்கு, அத்தனை நாள் ஆக்சிஜன்ல இருந்த நுரையீரலுக்கு, அந்த புகையும் எண்ணெயும் என்ன பண்ணும்? ஆப்புல தேடினேன். "சிகரெட் புகையை தவிர்க்கவும்"னு இருக்கு. எங்க வீட்டுல யாரும் சிகரெட் குடிக்கிறதில்லைங்க. மஞ்சகாமாலைக்கு லைட்டுல வச்சப்ப அத்தை கீழாநெல்லி அரைச்சு டிபன் பாக்ஸ்ல கொண்டு வந்துட்டாங்க, பெரியவங்களுக்கு குடுக்குறது ஞாபகம் வந்து. பிள்ளையோட கல்லீரல் இன்னும் பழகல, அந்த நீல வெளிச்சம் மஞ்சள ஒடைச்சு ஒண்ணுக்குலயும் மோஷன்லயும் வெளிய அனுப்புது, லைட்டேதான் மருந்து, தாய்ப்பால் தவிர வேற எதும் வாயில வைக்கக் கூடாதுன்னு டாக்டர் அவங்ககிட்ட சொன்னப்ப அத்தை ஒத்த வார்த்தை பேசாம டப்பாவ மூடிட்டாங்க. காரணம் சொன்னா கேட்டுக்கிறவங்கதான் எங்க வீட்டு பெரியவங்க. அவங்க கேள்விக்கு அவங்க பேச்சுல பதில் சொல்ற பக்கம் ஒண்ணு வேணும், அது மொழிபெயர்ப்புல வராது, புதுசா எழுதணும்.

பிள்ளைய நெஞ்சோட சேத்து வச்சுக்கிறது, கங்காரு முறைன்னு சொல்றது, அதப் பத்தியும் சொல்லணும். கொலம்பியா நாட்டுல போகோட்டாவுல இன்குபேட்டர் பத்தாம 1978 வாக்குல ஒரு டாக்டர் ஆரம்பிச்சது. 2021ல இந்தியாவையும் சேத்து அஞ்சு நாட்டு ஆஸ்பத்திரிங்கள்ல 1 கிலோவுல இருந்து 1.8 கிலோவுக்கு கீழ இருந்த பிள்ளைங்கள வச்சு பாத்த ஆராய்ச்சி வந்துச்சு, பொறந்த கையோட இத ஆரம்பிச்ச பிள்ளைங்கள்ல சாவு கால்வாசி கொறஞ்சிருக்கு. 2022ல உலக சுகாதார நிறுவனமும் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரம் வரைக்கும் வைக்கச் சொல்லிடுச்சு. எம் பொண்ணு அந்த எடைக்காரி. உங்க ஆப்புல இதுக்கு ஒரு வீடியோ, சாய்வு சோபாவுல ஒரு வெள்ளைக்கார அம்மா சட்டை பட்டன கழட்டுறாங்க, கீழ தமிழ்ல எழுத்து ஓடுது. நாங்க இருந்தது பிளாஸ்டிக் சேர்ல, நைட்டியோட, ஆளுங்க போக வர்ற வார்டுல. எனக்கு கூச்சம், ஒரு மணி நேரத்துக்கு மேல உக்கார மாட்டேன். அந்த சிஸ்டர்தான் பழைய வாயில் புடவைய நீளமா மடிச்சு பிள்ளையோட சேத்து சுத்தி முதுகுல முடிஞ்சு, மேல துண்டப் போத்தி, "இப்ப யாருக்குத் தெரியும், நீ நடக்கலாம், சாப்பிடலாம்"னாங்க. அன்னைல இருந்து ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம். எங் கை ஓஞ்சப்ப அத்தை வச்சுக்கிட்டாங்க. அவர் ஞாயித்துக்கிழமை வந்தா அவர் வச்சுப்பார். ஆப்புல "தாய்", "துணைவர்"னு ரெண்டு கட்டம்தான் இருக்கு, அத்தை வச்சிருந்த நேரத்த எங்க போடுறதுன்னு கடைசி வரைக்கும் தெரியல.

இன்னும் ஒண்ணு, போன் யார் கையில இருக்குன்னு யோசிச்சீங்களா? எங்க வார்டுல பாதி பேருக்கு வீட்டுக்கே ஒரு ஸ்மார்ட்போன்தான், அது கம்பெனிக்கு போன வீட்டுக்காரர் பாக்கெட்டுல இருக்கும், ஓடிபி அங்க போகும். படிக்கத் தெரியாதவங்க இருந்தாங்க. அவங்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்ல வர்ற வாய்ஸ் மெசேஜ் மாதிரி பேசுற ஆப்தான் வேணும். எனக்கு ரெண்டு பெட்டு தள்ளி பனியன் கம்பெனி வேலைக்கு பீகார்ல இருந்து வந்த ஒரு பொண்ணு, பத்தொம்பது வயசு இருக்கும், இந்தி மட்டும்தான். சிஸ்டர்ங்க கையாலயே ஜாடை காட்டுவாங்க. கண்ணு டெஸ்டுக்கு கூட்டிட்டு போறப்ப, 30 நாளுக்குள்ள விழித்திரைய பாத்தாகணும் இல்லன்னா பார்வையே போயிடலாம்னு அவளுக்கு புரிய வைக்க ஆள் இல்லாம, பிள்ளைய எங்கயோ தூக்கிட்டு போறாங்கன்னு கதறிட்டா. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிக்கு தமிழ் மட்டும் போதும்னு தயவுசெஞ்சு நெனச்சுடாதீங்க.

பச்சக்குழந்தை வார்டுல பெத்தவங்களையும் சேத்துக்கிட்டு சொல்லிக்குடுத்து பாத்துக்கணும்னு மத்திய அரசு 2017லயே வழிமுறை போட்டாச்சு. அப்ப அவங்களுக்காக எழுதுற வரிகளையும் அவங்கள வச்சே எழுதணும் இல்லைங்களா. வாங்க. ஃபாலோஅப் நாள்ல வராண்டாவுல எங்களோட உக்காருங்க, அம்மாக்கள், பாட்டிங்க, ராத்திரி டூட்டி சிஸ்டருங்க பேசுறத எழுதிக்கோங்க. நான் வர்றேன், அத்தையையும் கூட்டிட்டு வர்றேன், அவங்க நெறைய சொல்லுவாங்க.

அதுக்கெல்லாம் நாளாகும்னு தெரியும். அந்த முக்காலிய மட்டும் இன்னைக்கே மாத்திடுங்க. நேத்துகூட க்ரூப்புல ஒரு அம்மா அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து போட்டிருந்தாங்க, அவங்க பிள்ளை இப்ப உள்ள இருக்கு.

இப்படிக்கு,
30 வாரத்துல பொறந்தவளோட அம்மா