லிமாவுக்கு ஒரு ராத்திரி போதாது

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். நான் இன்னும் பெருவின் தலைநகரான லிமாவில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். காலையில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அப்படியே ஊர் சுற்றக் கிளம்பிவிடுவேன்.

நீ எழுதியதில் ஒரே ஒரு வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. மலை மேலிருக்கிற பழைய இன்கா கல்நகரமான மச்சு பிச்சுவுக்கு வரும்போது லிமாவில் ஒரு ராத்திரி படுத்துவிட்டு, விடிந்ததும் மலையூரான குஸ்கோவுக்கு விமானம் ஏறப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம், செல்வி. மலையில் கல்லைப் பார்க்கலாம். சமையலில் இவ்வளவு ஈடுபாடு உள்ளவள் நீ, இந்த ஊரை அப்படித் தாண்டிப் போகக் கூடாது.

வானத்தைப் பார்த்துச் சோர்ந்துவிடாதே, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூனிலிருந்து அக்டோபர் வரை வெயில் முகம் காட்டுவது அபூர்வம். பசிபிக் கடலோரமாக ஓடும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. அதனால் மேகம் தாழ்ந்து வந்து ஊரை மூடிக்கொள்கிறது. ஆனால் மழை கிடையாது. முகத்தில் படுவதும் படாததுமாக ஓர் ஈரத் தூவல், அவ்வளவுதான். லிமா பாலைவனத்தில் இருக்கிற ஊர். அதே குளிர்ந்த நீரோட்டம்தான் இந்தக் கரைக்கு இவ்வளவு மீனையும் கொடுக்கிறது.

மீன் என்றதும் செவிச்சேக்கு வந்துவிட வேண்டியதுதான். சுர்கியோ சந்தையில் ஒரு சின்னக் கடை முன்னால் நின்று அது தயாராவதைப் பார்த்தேன். வெள்ளை மீனைத் துண்டு போட்டு, உப்பைத் தூவிப் பிசறி, பொடியாக நறுக்கிய மிளகாயைப் போட்டு, எலுமிச்சையைப் பிழிந்தார் கடைக்காரர். கடைசிச் சொட்டு வரை பிழிந்தால் கசக்குமாம். பாதி பிழிந்ததும் மூடியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். மேலே மெல்லிய வெங்காயச் சீவல். சில நிமிஷங்களில் மீனின் ஓரம் வெளுத்துவிடுகிறது, நடுவில் பச்சையாகவே இருக்கிறது. பக்கத்தில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பெரிய பெரிய மக்காச்சோள மணிகளும். அந்தப் புளிப்பும் உறைப்பும் நாக்கைச் சுண்டும்போது கிழங்கில் ஒரு கடி கடித்துக்கொள்ள வேண்டும். தட்டில் தேங்குகிற சாற்றுக்குப் புலிப்பால் என்று பெயர். அதைத் தனியாகத் தம்ளரில் ஊற்றியும் குடிக்கிறார்கள். பச்சை மீனா என்று நீ முகம் சுளிப்பது தெரிகிறது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அப்புறம் பேசு. ஆனால் மதியத்தில் போ. காலையில் வந்த மீனை மதியமே சாப்பிடுவதுதான் ஊர் வழக்கம், நல்ல கடைகள் பலவும் சாயங்காலத்துக்குள் மூடிவிடுகின்றன.

இந்த ஒரு தட்டிலேயே ஊரின் கதை இருக்கிறது. மீனும் மிளகாயும் மக்காச்சோளமும் இந்த மண்ணுடையவை. எலுமிச்சையும் வெங்காயமும் ஸ்பானியர்கள் கொண்டுவந்தவை. முன்பெல்லாம் மீனை மணிக்கணக்கில் ஊறவைப்பார்களாம். 1899இல் தொடங்கி ஜப்பானியர்கள் வந்து குடியேறிய பிறகு, அவர்கள் கைப்பழக்கத்தால்தான் நேரம் குறைந்தது என்கிறார்கள். 2023இல் யுனெஸ்கோவும் பெருவின் செவிச்சேயைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சீனர்கள் அதற்கும் முன்பே வந்தவர்கள். 1849இலிருந்து சுமார் 25 வருஷங்களில் ஏறக்குறைய 1 லட்சம் பேரைக் கரும்புத் தோட்டங்களுக்கும் உரத்துக்காகக் கடற்பறவை எச்சம் வெட்டுகிற தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். நம் பக்கத்திலிருந்து சிலோன் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் போன அதே காலம். ஒப்பந்தம் முடிந்தவர்கள் பலர் லிமாவில் உணவுக்கடை வைத்தார்கள். இன்று சிஃபா என்கிற சீனச் சாப்பாட்டுக்கடை இல்லாத பேட்டையே இல்லை. மாட்டிறைச்சியை வெங்காயம், தக்காளி, சோயா சாஸோடு பெரும் தீயில் புரட்டி, உருளைக்கிழங்கு வறுவலும் சோறும் சேர்த்துத் தருகிற லோமோ சல்தாதோ அப்படிப் பிறந்ததுதான். நீ மாடு சாப்பிட மாட்டாய். உனக்குக் கோழி போட்ட சீன வறுத்த சோறு இருக்கிறது.

நம் சமையலின் உறவுக்காரர்களையும் இங்கே பார்க்கலாம். நாம் சாம்பாரில் கிள்ளிப் போடும் மிளகாய் மெக்சிகோ பக்கத்து இனம். பெருவின் மஞ்சள் மிளகாய் அதற்குப் பங்காளி: பழுத்தால் ஆரஞ்சு நிறம், அடங்கிய காரம், பழ வாசனை. உருளைக்கிழங்கோ இந்த மலைகளில்தான் முதலில் பயிரானது. சந்தையில் ஊதா, கறுப்பு, சிவப்பு என்று குவித்திருக்கிறார்கள். மஞ்சள் கிழங்கை மசித்து, மஞ்சள் மிளகாய் விழுதும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, ஆறவைத்துப் பரிமாறுகிற காவ்சா எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உள்ளே கோழியோ மீனோ வைப்பார்கள், கேட்டு வாங்கு. சிரிமோயா கிடைத்தால் விடாதே, அது நம் சீதாப்பழத்தின் குடும்பம்.

பார்க்க வேண்டிய இடங்களில் எனக்கு மனசுக்கு நெருக்கமானது உவாகா புக்யானா. லிமாவின் மிராஃப்ளோரெஸ் பேட்டையில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே, கி.பி. 200க்கும் 700க்கும் இடையில் கட்டிய மண் பிரமிடு. பச்சைச் செங்கற்களைப் படுக்கவைக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். பூமி அதிரும்போது அவை கொஞ்சம் அசைந்துகொடுக்கும். மழையில்லாத ஊர் என்பதால்தான் மண் சுவர் இத்தனை நூற்றாண்டு நிற்கிறது. 1535இல் லிமாவை நிறுவிய ஸ்பானியத் தளபதி பிஸாரோவின் கல்லறை கதீட்ரலில் இருக்கிறது. பார்த்தேன், பெரிதாக எதுவும் தோன்றவில்லை. சான் பிரான்சிஸ்கோ மடத்தின் நிலவறையில் எலும்புகளை வட்ட வட்டமாக அடுக்கியிருக்கிறார்கள், உனக்கு ஒத்துக்கொள்ளாது. லார்கோ அருங்காட்சியகத்துக்கு மட்டும் அரை நாள் ஒதுக்கு. பழைய மண்பாண்டங்களைக் காட்சிக்கு வைத்ததோடு, சேமிப்பு அறையையும் திறந்துவிட்டிருக்கிறார்கள். அலமாரி அலமாரியாக மனித முகங்கள் நம்மையே பார்க்கின்றன.

சாயங்காலம் பரான்கோ பேட்டைப் பக்கம் போ. தெருவோரத்தில் பிகாரோனெஸ் சுடுவார்கள். பூசணியும் சர்க்கரைவள்ளியும் சேர்த்துப் புளிக்கவைத்த மாவு. அதைச் சுடுகிற ஓர் அம்மா கையைத் தண்ணீரில் நனைத்து, கொஞ்சம் மாவை எடுத்து, கட்டைவிரலால் ஓட்டை போட்டு எண்ணெயில் நழுவவிடுகிற லாகவம், உங்கள் பெரியம்மா உளுந்து வடை போடுகிற மாதிரியே இருந்தது. நீளக் குச்சியால் திருப்பியெடுத்து, மேலே வெல்லப்பாகு ஊற்றித் தருகிறார்கள். சூட்டோடு சாப்பிட வேண்டும்.

சரி, டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் எனக்கு எழுது. குஸ்கோ 3,400 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும். அதனால் லிமாவை முதலில் ஆற அமரச் சுற்றிவிட்டு அப்புறம் ஏறுவோம். மகள் வீட்டில் அறை இருக்கிறது, ஹோட்டல் எதுவும் பிடிக்காதே. வரும்போது அரைக் கிலோ சுண்டைவற்றல் கொண்டுவர முடியுமா என்று விமான நிலைய விதிகளை விசாரித்து வை. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
வசந்தா