போயிட்டு வாரேன்

கோபிசெட்டிபாளையம்
ஜூன் 16

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு நானும் அப்பாவும் ரொம்ப நேரம் பேசிக்கொள்ளவே இல்லை. இங்கே காலை ஒன்பதரை, உனக்கு மத்தியானம் ஒரு மணி. நீ அழுததைவிட, அழுது முடித்து "ஒண்ணுமில்லம்மா, சும்மா" என்று சொன்னதுதான் எங்களை அப்படியே உட்காரவைத்துவிட்டது. வாரம் ஒரு தடவை பேசினால் போதும் என்று உன்னை ஜப்பானுக்குப் படிக்க அனுப்பியவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தினமும் என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தால் நீ பாதி கோபியிலேயே இருப்பாய். அதனால்தான் இதை எழுதுகிறேன். கடிதம் என்றால் வேண்டியபோது எடுத்துப் படிக்கலாம்.

ஏப்ரலில் பள்ளி தொடங்கியபோது வகுப்பே உன் மேசையைச் சுற்றி நின்றதாகச் சொன்னாய். உன் சடையின் நீளம், கையில் இருந்த மருதாணி, வீட்டில் யானை உண்டா என்ற கேள்வி. மே மாத விடுமுறை முடிந்து திரும்பியதும் அவரவர் கூட்டாளிகள், அவரவர் கிளப் என்று போய்விட்டார்கள். மத்தியானம் பென்தோ டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துச் சாப்பிடுகிறாய். "நான் இருக்கறதே யாருக்கும் தெரியலம்மா" என்றாய். அந்த ஒரு வரி எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. அங்கே பள்ளிக்கும் வேலைக்கும் ஆண்டு ஏப்ரலில்தான் பிறக்கிறது. புது இடத்தில் விறைப்பாக ஒரு மாதம் ஓட்டிவிட்டு, மே விடுமுறைக்குப் பிறகு சோர்ந்து போகிறவர்கள் அத்தனை பேர் என்பதால் அதற்கு "கோகட்சுப்யோ", ஐந்தாம் மாத நோய், என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நீதான் இதை எனக்குச் சொன்னாய். தாய்மொழியில் படிக்கிற பிள்ளைகளுக்கே அது வரும்போது, காலையிலிருந்து சாயங்காலம் வரை புரியாத பேச்சுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் உனக்கு வராதா? அதிலும் பழைய இலக்கியப் பாடம் வேறு. ஒரு ஜப்பானியப் பிள்ளையை என் வகுப்பில் உட்காரவைத்துச் சங்கப் பாட்டு நடத்தினால் அது என்ன செய்யும்?

இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் என் எட்டாம் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி சேர்ந்தாள். அப்பா நூற்பாலையில் வேலை. ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. பாவம், சும்மா உட்காரட்டும் என்று கடைசி பெஞ்சில் விட்டுவிட்டேன். கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். அதைக் கருணை என்று நம்பினேன். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "டீச்சர், சாக்பீஸ் தீந்துபோச்சு." திரும்பினால் அவள்தான். என் கையில் இருந்த துண்டு அவ்வளவு சிறிதாகிவிட்டிருந்தது. அதைக் கவனித்ததும் அவள்தான், சொன்னதும் அவள்தான். "தீந்துச்சு" இல்லை கண்ணு, "தீந்துபோச்சு"! அந்த "போச்சு" எந்தப் புத்தகத்திலும் கற்றுக்கொள்கிற விஷயமே அல்ல. பேசாமல் இருந்த அந்த மூன்று மாதமும் அவள் காதில் வாங்கி வாங்கிச் சேர்த்துவைத்திருக்கிறாள்.

உனக்கும் அது சேர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் நான் அவளுக்குச் செய்த தவறு என் மனதை விட்டுப் போகவில்லை. யார் பக்கத்திலாவது அவளை உட்காரவைத்திருக்க வேண்டும். இந்த வாரம் வகுப்பில் இடம் மாற்றும்போது உன்னை நினைத்துக்கொண்டுதான் மாற்றினேன். அங்கே உனக்கு யாரும் இடம் மாற்றித் தரவில்லை என்றால் நீயே பென்தோவை எடுத்துக்கொண்டு போய் "இங்கே உட்காரலாமா" என்று கேட்டுவிடு. அந்த ஒரு வாக்கியத்தை ராத்திரி பத்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போ.

சொல்லிப் பார்த்துக்கொண்டு என்று எழுதும்போதே கை நின்றுவிட்டது. போன மாதம் நீ அனுப்பிய வாக்கியங்களை நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். "தபேதே மிரு" என்றால் சாப்பிட்டுப் பார். "மிரு" என்றால் கண்ணால் பார்ப்பதுதான், அதையே நம்மைப் போல இன்னொரு வினைக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள். "யோந்தே ஓகு" என்றால் படித்து வை, "ஓகு" என்றால் வைப்பது. "தாரே" என்றால் யார், "தாரே மோ" என்றால் யாரும். நம் உம்! வினை கடைசியில் வருகிறது, உருபு பெயருக்குப் பின்னால் வருகிறது. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு வேற்றுமை நடத்துகிறவளுக்கு இதைப் பார்த்துச் சந்தோஷம் தாங்கவில்லை. சுசுமு ஓனோ என்ற அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்றே வாதாடினார். மொழியியல்காரர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை, நானும் அதற்குள் போகவில்லை. உறவோ இல்லையோ, நீ ஆங்கிலத்தில் யோசித்து ஜப்பானிய மொழியில் பேசாதே. தமிழில் யோசி. கூடப் படிக்கிற அமெரிக்கப் பையன் தலைகீழாகப் புரட்ட வேண்டிய வாக்கியம் உனக்கு நேராகவே வரும்.

அம்மாயிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் நீ "போறேம்மா" என்றதும் அத்தனை பேர் முன்னால் உன்னைத் திட்டினார்களே, "போறேன்னு சொல்லாத சாமி, போயிட்டு வாரேன்னு சொல்லு" என்று. நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாய். அங்கே போய் முதல் நாள் காலையில், நீ தங்கியிருக்கிற வீட்டுப் பையன் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று "இத்தே கிமாசு" என்று கத்தியதையும், அதற்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எனக்கு எழுதியிருந்தாய். இத்தே என்றால் போய், கிமாசு என்றால் வருகிறேன். உள்ளேயிருந்து அவன் அம்மா "இத்தே ராஷ்ஷாய்", போயிட்டு வா, என்கிறார். அம்மாயியிடம் படித்துக் காட்டினேன். "அப்ப நம்ம சனம்தான்" என்றார்கள். உன்னைப் பற்றிய கவலை அன்றைக்கே அவர்களுக்குப் பாதி போய்விட்டது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். சுற்றி வளைத்ததற்குக் காரணம், எனக்கே அது சுலபமாக இல்லை.

அந்த அம்மாவை "ஒகாசான்" என்று கூப்பிடச் சொன்னதாகவும், வாயில் வரவில்லை என்றும் ஏப்ரலிலேயே சொன்னாய். "அம்மான்னா நீதானம்மா" என்றாய். எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. உண்மையைச் சொல்கிறேன், நீ கூப்பிடாமல் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் கூப்பிடு என்று உனக்குச் சொல்லாமல் இருந்துவிட்டேன். இரண்டரை மாதமாக நீ அவரை எப்படியும் கூப்பிடாமல் "சுமிமாசென்", மன்னிக்கணும், என்றே பேச்சைத் தொடங்குகிறாய். பிரிட்ஜைத் திறக்கச் சுமிமாசென், தண்ணீர் குடிக்கச் சுமிமாசென். முதல் நாள் குளியல் தொட்டியின் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு, வீட்டில் எல்லாரும் அதே வெந்நீரில்தான் முறைவைத்து இறங்குவார்கள் என்று தெரிந்ததும் நீ அழுதாய். அவர் சிரித்துவிட்டு மறுபடி நிரப்பினார். அவருக்கு அன்றைக்கே நீ வீட்டுப் பிள்ளை. விருந்தாளியாகவே இருப்பது நீதான், அதற்கு என் மௌனமும் ஒரு காரணம்.

போன வாரம் லேசாக நிலம் ஆடியதைப் பற்றிச் சொன்னாய் பார், அதில்தான் எனக்குக் கண் திறந்தது. அன்றைக்கு ராத்திரி அவர் உன் அறைக்கு வந்து, தலைமாட்டில் ஒரு டார்ச்சும் கனமான அடி வைத்த செருப்பும் வைத்துவிட்டுப் போனார். கண்ணாடி உடைந்து கிடந்தால் காலில் குத்தாமல் நீ நடந்து வர வேண்டும் என்பதற்காக. 2004 அக்டோபர் 23 அன்று அந்தப் பக்கத்தையே உலுக்கிய பூகம்பத்தின்போது அவருக்கு உன் வயது, குடும்பமே பல ராத்திரி காரில் படுத்திருந்தது என்று சொன்னாராமே. அந்தச் செருப்பை எனக்கு எடுத்துவைக்கத் தெரியாது கண்ணு. நான் அங்கே இருந்திருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றிருப்பேன். உனக்கு அங்கே ஒரு அம்மா வேண்டும்.

நம் ஊரில் பால்காரம்மா, பூக்காரம்மா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று நாம் யாரைத்தான் அம்மா என்று கூப்பிடவில்லை? எனக்கு ஏன் இது தோன்றாமல் போனது? ஒகாசான் என்று கூப்பிடு. வாய் நிறையக் கூப்பிடு. அந்தப் பையன் உன்னை "ஒனேச்சான்" என்று, அக்கா என்று, கேட்காமலேயே கூப்பிடுகிறானே.

திரும்பி வந்துவிடட்டுமா என்றும் கேட்டாய். வர வேண்டும் என்றால் வா, ஊர் என்ன சொல்லும் என்று ஒரு நிமிடமும் யோசிக்காதே. ஆனால் நீ இருக்கிற அந்த நாகவோகா ஊரை நீ இன்னும் பார்க்கவே இல்லை என்பது என் எண்ணம். தெருவெல்லாம் ஏன் துருப்பிடித்த சிவப்பாக இருக்கிறது என்று கேட்டதற்கு, குளிர்காலத்தில் ரோட்டுக்கு நடுவே பதித்த குழாயிலிருந்து நிலத்தடி நீரைப் பீச்சிப் பனியைக் கரைப்பார்கள், அந்த நீரில் இருக்கும் இரும்பின் கறை அது என்று வீட்டுக்காரர் சொன்னாராம். கறையை மட்டும் பார்த்துவிட்டு, தண்ணீர் பீச்சுவதைப் பார்க்காமல் வருவதா? ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் ஷினானோ ஆற்றங்கரையில் வாணவேடிக்கை. 1945 ஆகஸ்ட் 1 ராத்திரி குண்டுவீச்சில் ஊர் எரிந்து 1,480 பேருக்கு மேல் செத்தார்களே, அவர்களை நினைத்து நடத்துவது. அதையும் அவர்களோடு நின்று பார்.

ஜூலையில் வகுப்பில் இந்தியாவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள், தாஜ்மகால் படம் தேடுகிறேன் என்றாயே. வேண்டாம். அந்த ஊரின் கதை ஒன்றை நீ சொன்னாய், 1868 போரில் ஊர் எரிந்து பட்டினி கிடந்தபோது பக்கத்துச் சிற்றரசு 100 மூட்டை அரிசி அனுப்பியது. கோபயாஷி தொராசபுரோ அதைப் பங்கு போடாமல், விற்றுப் பள்ளிக்கூடத்துக்குச் செலவழித்தார், 1870-ல் பள்ளி திறந்தது. கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது, கூடவே ஒரு உறுத்தலும். பசியோடு காத்திருந்த பிள்ளைகளின் அம்மாக்கள் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்கள்? நம் ஊரில் அதற்கு மறுபக்கம் நடந்தது. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்று 1956-ல் காமராஜர் பள்ளியிலேயே சோறு போட்டார். அந்தச் சோற்றைச் சாப்பிட்டுத்தான் உன் அப்பிச்சி ஐந்தாவது முடித்தார். அவர்களுடைய அரிசியையும் நம்முடைய சோற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல். உடைந்த மொழியில் சொன்னாலும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரியும்.

அப்பா தினமும் காலையில் உன் ஊர் வானிலையைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குகிறார். நீ அனுப்பிய வயல் படத்தைப் பார்த்து "நடவு நெருக்கமா இருக்கு" என்றார்.

தனியாக ஒரு பார்சல் போட்டிருக்கிறேன். ஈரோட்டு மஞ்சள் தூள், உனக்கு இரண்டு சுடிதார், அந்த வீட்டுக்குச் சின்னதாக ஒரு பவானி ஜமக்காளம். பாய்த் தரையில் உட்கார்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதற்குள் ஒட்டாத கவரில் அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் இருக்கிறது. நீதான் படித்துச் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று ரொம்ப யோசித்தேன். திருமதி, மேடம் எதுவும் சரியாக வரவில்லை. என்னைவிட அவர் சின்னவர்தானே, கடைசியில் "அன்புள்ள தங்கச்சிக்கு" என்று தொடங்கியிருக்கிறேன். அவருக்குப் புரிகிற மாதிரி அதை எப்படிச் சொல்வது என்று நீயே பார்த்துச் சொல்லிவிடு.

அம்மா