இளவேனில் தோட்டத் திருவிழாவுக்குத் துணைநின்ற அனைவருக்கும் நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். சித்திரை விசுவையொட்டி நாகர்கோவிலுக்கு அருகே எங்கள் குழு நடத்திய இளவேனில் தோட்டத் திருவிழா இனிதே நிறைவேறியது. வடிவமைப்பாளர்கள் தம் கற்பனையால் உருவாக்கிய காட்சித் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தவர்களில் பலர், “இதையெல்லாம் யார் செய்தது?” என்று எங்களிடம் கேட்டார்கள். ஒவ்வொரு தோட்டத்தின் முகப்பிலும் வடிவமைப்பாளரின் பெயர்ப் பலகை இருந்தது. அவர்களுக்குரிய பாராட்டு அவர்களுக்குக் கிடைத்துவிட்டது, கிடைக்க வேண்டியதும்தான். ஆனால் பலகையில் இடம்பெறாதவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பொதுவெளியில் நன்றி சொல்வதற்காகவே இம்மடலை எழுதுகிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், ஊரையும் தொழிலையும் மட்டுமே குறிப்பிட்டிருக்கிறோம்.

காட்சித் தோட்டம் என்பது நம் பக்கத்துக்குப் பழக்கமில்லாத ஒன்று. நமக்குத் தெரிந்தது, உதகை அரசு தாவரவியல் பூங்காவில் 1896 முதல் நடந்துவரும் மலர்க்காட்சி. கொய்த மலர்களால் யானையும் கோபுரமும் செய்து நிறுத்துவதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறோம். இங்கிலாந்தில் அரச தோட்டக்கலைச் சங்கம் 1862-இல் கென்சிங்டனில் தொடங்கிய வசந்தகாலக் காட்சி, 1913 முதல் செல்சியில் நடைபெறுகிறது. மால்வெர்ன் குன்றுகளின் அடிவாரத்திலும் மே மாதத்தில் இத்தகைய விழா ஒன்று நடக்கிறது. அங்கெல்லாம் ஒரு சிறு மனையை வடிவமைப்பாளரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். பாதை, இருக்கை, நீர், நிழல், செடி ஆகிய அனைத்தையும் ஒரே எண்ணத்தில் கோத்து, உயிருள்ள தோட்டமாக அவர் அமைத்துக் காட்ட வேண்டும். செல்சியின் பெரிய தோட்டங்களுக்கே ஏறத்தாழ மூன்று வாரம்தான் கிடைக்கும். பார்ப்பவருக்கோ, அது பல ஆண்டுகளாக அங்கேயே வளர்ந்து நிற்பதாகத் தோன்ற வேண்டும். திடலில் வேலை தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே எங்கோ ஒருவர் அந்தச் செடிகளை வளர்க்கத் தொடங்கியிருந்தால்தான் இது நடக்கும்.

அப்படித் தொடங்கியவர்கள் நம் மாவட்டத்து நர்சரிக்காரர்கள். எனவே முதல் நன்றி அவர்களுக்கு. பிச்சிச் செடிகளைக் கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்து, உரமிட்டு, பங்குனி பிறந்ததும் அரும்பு கட்டுமாறு பார்த்துக்கொண்டார்கள். கேந்தி (செண்டுமல்லி) நடவு செய்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கும் என்பது கணக்கு என்றாலும், வெயிலும் மழையும் அந்தக் கணக்கை மாற்றிவிடும் என்பதை அறிந்து, ஒரே நாளில் விதைக்காமல் வார இடைவெளியில் மூன்று தவணையாக விதைத்தார்கள். விழாவன்று திடலில் நின்றது இரண்டாம் தவணைச் செடி. மற்ற இரண்டு தவணைகளால் ஏற்பட்ட செலவை எங்களிடம் கேட்கவே இல்லை.

செடிகளைத் திடலில் இறக்கியபோது அவர்கள் காட்டிய நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும். தொட்டிகளைக் குழிக்குள் அப்படியே இறக்கி, விளிம்பு தெரியாதபடி மக்கிய தென்னை நார்க்கழிவால் மூடினார்கள். செடி எந்தப் பக்கம் வெயிலைப் பார்த்து வளர்ந்ததோ அந்தப் பக்கம்தான் அடர்ந்திருக்கும் என்பதால், தக்கலைப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் ஒவ்வொரு தொட்டியையும் இரு கைகளாலும் பிடித்து மெல்லத் திருப்பி, இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்து, மறுபடியும் விரற்கடை அளவு திருப்பி வைத்தார். பார்வையாளர் நிற்கும் இடத்திலிருந்து ஒரு செம்பருத்திகூட முதுகைக் காட்டவில்லை. வேரைக் கலைக்காமல் வைத்ததால்தான், விழா முடிந்த பின்னும் அச்செடிகள் வாடாமல் இருக்கின்றன.

குளக்கரைத் தோட்டத்துக்குத் தாமரை தந்தவர் சுசீந்திரம் பக்கத்தில் குளம் குத்தகை எடுத்திருக்கும் விவசாயி. வடிவமைப்பாளரின் வரைபடத்தில் தடாகத்தின் நடுவே நீரூற்று ஒன்று இருந்தது. வரைபடத்தைப் பார்த்ததும் அவர், “தாமரைக்கு அசையாத் தண்ணீரும் முழு வெயிலும் வேணும், ஊற்று வச்சா இலை நிக்காது” என்று சொல்லிவிட்டார். வடிவமைப்பாளர் அதே இடத்தில் நீரூற்றை எடுத்துவிட்டு, மயிலாடிச் சிற்பி ஒருவர் தந்த, முழுதாகச் செதுக்கி முடிக்காத கல் ஒன்றை வைத்தார். அந்த மாற்றத்தால்தான் தோட்டத்துக்கு அமைதி வந்தது என்பது எங்கள் உறுதியான கருத்து. சொன்ன விவசாயிக்கும், உடனே ஏற்றுக்கொண்ட வடிவமைப்பாளருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். தாமரைக் கிழங்குகளைத் தொளி நிரப்பிய அகன்ற சிமெண்ட் தொட்டிகளில் முன்கூட்டியே ஊன்றி வளர்த்துத் தந்தவரும் அந்த விவசாயிதான். தாமரை காலையில் விரிந்து உச்சிக்குப் பின் கூம்பத் தொடங்கும் என்று அவர் எடுத்துச் சொன்னதால், பள்ளி மாணவர்களுக்கான நேரத்தைக் காலைக்கு மாற்றினோம்.

நெய்தல் தோட்டம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். குளச்சலுக்கும் மணக்குடிக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர்களைச் சேர்ந்த பெண்கள் சிலர் ஒரு வடிவமைப்பாளருடன் சேர்ந்து அமைத்த தோட்டம் அது. மணல்மேடு, அதன் மேல் படர்ந்த அடும்பு, உச்சியில் இராவணன் மீசைப் புல், பின்புறம் தாழை, அதற்கும் பின்னால் புன்னை. இருக்கைக்குப் பழைய கட்டுமரத்தின் தடி. பகட்டான பூ ஒன்றுகூட அதில் இல்லை. அடும்பின் ஊதாப் பூவும் வெயில் ஏறினால் வாடிவிடும். ஆனாலும் விழாவில் அதிக நேரம் கூட்டம் நின்ற இடம் அதுதான். ஏனென்றால் அந்த அம்மாமார்கள் வந்தவர்களிடம் எல்லாம் விளக்கம் சொன்னார்கள்: அடும்பின் கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்து வைக்கிறது, இராவணன் மீசை பறக்கும் மணலைத் தடுத்து மேடாக்குகிறது, இவை அழிந்த இடத்தில் மணலும் நிற்பதில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் மணல்மேட்டைப் பற்றிப் பேசும்போது கேட்டவர்கள் யாரும் நடுவில் நகரவில்லை.

அடும்பைக் கரையிலிருந்து வேரோடு பிடுங்கி வரக்கூடாது என்பதில் அவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். ஆள் நடமாட்டத்தில் அறுந்து கிடந்த கொடிகளை மட்டும் எடுத்து, கணுவோடு துண்டாக்கி மணல் நிரப்பிய பைகளில் புதைத்து, தங்கள் வீட்டு முற்றத்தில் வைத்து வளர்த்தார்கள். காட்சிக்காக இயற்கையிலிருந்து எதையும் பறிக்காமல் ஒரு தோட்டம் அமைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நாங்கள் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை மையமாக வைத்து அமைந்த தோட்டத்துக்கு, அவ்வூர் விவசாயிகள் பனை மட்டையால் வேலி கட்டித் தந்தார்கள். காற்றை முழுவதும் மறிக்கும் சுவருக்குப் பின்னால் காற்று சுழன்றடிக்கும். ஏறத்தாழ பாதிக் காற்றை உள்ளே விடும் வேலிதான் செடியைக் காக்கும். அவர்கள் விட்ட இடைவெளி அந்த அளவில் இருந்தது.

புரையிடத் தோட்டம் (புரையிடம் என்பது வீட்டைச் சுற்றியுள்ள மனை நிலம்) அரை சென்டில், அதாவது ஏறத்தாழ 218 சதுர அடியில் அமைந்தது. தென்னையில் ஏறிய மிளகுக் கொடி, அதன் நிழலில் கிராம்புக் கன்று, ஓரத்தில் சேம்பும் இஞ்சியும் என்று நம் மேற்குப் பகுதி வீடுகளில் அன்றாடம் காண்பதுதான். ஆனால் வீடு கட்டும்போது முதலில் வெட்டப்படுவதும் இதுதான் என்பதால், இதை ஒரு வடிவமைப்பாளர் தேர்ந்தெடுத்தது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி வாழையைக் குலையோடு காட்ட வேண்டும் என்று அவர் விரும்பியபோது, பேச்சிப்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர், விளைந்த குலையுடன் நின்ற தம் வாழையைக் கிழங்கோடும் மண்ணோடும் பெயர்த்து, சாக்கில் கட்டி, டெம்போவில் தாமே ஏற்றி வந்தார். பாதை போட்ட கொத்தனார், இடித்த வீடுகளின் பழைய ஓடுகளைச் சிமெண்ட் இல்லாமல் மணலில் செருகிப் பதித்தார். பிரித்து எடுத்தபோது ஓடுகள் சேதமில்லாமல் வந்தன.

தோவாளை மாலை கட்டும் கலைஞர்களுக்கு நன்றி சொல்லாமல் இம்மடல் நிறைவுபெறாது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குச் செல்லும் மாணிக்கமாலை, 2025-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த மாலையை நுழைவாயிலின் சுவர்த் திரையாகத் தொங்கவிடலாமா என்று நாங்கள் தயக்கத்தோடு கேட்டோம். இறைவனுக்குச் சாற்றுவதை இப்படிப் பயன்படுத்துவது சரியா என்று அவர்கள் தங்களுக்குள் கலந்து பேசினார்கள். பிறகு, கோயில் மாலையின் அமைப்பை அப்படியே செய்யாமல், அதே கட்டு முறையில் புதிதாக ஒன்றைச் செய்து தர முன்வந்தார்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, இடையிடையே மடித்த நொச்சி இலை என வரிசை வரிசையாகக் கட்டி, முடைந்த பாய் போலத் தட்டையாக வளரும் அந்த வேலையை, விழாவின் முந்தைய இரவு திடலிலேயே அமர்ந்து செய்தார்கள். மூத்த கலைஞரின் விரல் நகம் நொச்சி இலையின் நடு நரம்பில் ஒரே ஒரு முறை ஓடும். இலை இரண்டாக மடிந்துவிடும். எந்த இலையையும் அவர் இரண்டாவது முறை தொடவில்லை. அதிகாலைச் சந்தை வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறோம்.

நடுவர்கள், அரச தோட்டக்கலைச் சங்கத்தின் முறையைப் பின்பற்றி, தோட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிடாமல், வடிவமைப்பாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த நோக்கத்தை அவருடைய தோட்டம் எவ்வளவு நிறைவேற்றியது என்பதை மட்டும் பார்த்தார்கள். இம்முறையில் பலருக்குத் தங்கம் கிடைக்கலாம். ஒருவருக்கும் கிடைக்காமலும் போகலாம். புரையிடத் தோட்டத்துக்கும் குளக்கரைத் தோட்டத்துக்கும் தங்கம் தந்தார்கள். நெய்தல் தோட்டத்துக்கும் தங்கம் கிடைத்திருக்கலாம் என்பது எங்கள் ஆசை. ஆயினும் ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை எழுத்தில் தந்த நடுவர்களின் நேர்மைக்குத் தலைவணங்குகிறோம்.

தொடக்க நாளுக்கு முந்தைய மாலையில் கோடை மழை கொட்டியபோது, அழைக்காமலே மம்பட்டியோடு வந்து ஓடை வெட்டிய அக்கம்பக்கத்து இளைஞர்கள், கிணற்றுத் தண்ணீரைத் தடையின்றித் தந்த வீட்டார், கஞ்சியும் பயறும் மரச்சீனிக் கிழங்கும் சமைத்துப் போட்ட மகளிர் குழுவினர், ஆலோசனை தந்த தோட்டக்கலைத் துறை அலுவலர்கள், வழிகாட்டிய கல்லூரி மாணவ மாணவியர், போக்குவரத்தை ஒழுங்குபடுத்திய காவலர்கள், ஒவ்வோர் இரவும் திடலைத் துப்புரவு செய்த தூய்மைப் பணியாளர்கள் ஆகிய அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. தூய்மைப் பணியாளர்கள் பிரித்துத் தந்த மட்கும் குப்பை, இப்போது திடலின் மூலையில் உரக்குழியில் இருக்கிறது.

தோட்டங்கள் பிரிக்கப்பட்டுவிட்டன. கேந்தியும் பிச்சியும் செம்பருத்தியும் கேட்டுக்கொண்ட அரசுப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்துள்ளன. தாமரைத் தொட்டிகள் விவசாயியிடமே திரும்பின. அடும்பு, இராவணன் மீசை, புன்னைக் கன்றுகளை அந்தக் கடற்கரைப் பெண்களே தம் ஊர் மணல்மேடுகளில் நடுவதற்கு எடுத்துச் சென்றிருக்கிறார்கள்; மழைக்காலம் தொடங்கியதும் நடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உடனிருந்து உதவ விரும்புவோர் எங்கள் குழுவினரிடம் முன்கூட்டியே தெரிவித்தால், நாளும் இடமும் சொல்கிறோம்.

இரவலாகத் தந்த ஓலைக் கடவங்கள் (கூடைகள்) சிலவும், கல் தொட்டி ஒன்றும், பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றும் உரியவர் பெற்றுக்கொள்ளாமல் இன்னும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. தந்தவர்கள் சொல்லி அனுப்பினால், நாங்களே வீட்டுக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கிறோம்.

நன்றியுடன்,
விழா அமைப்புக் குழுவினர்,
கன்னியாகுமரி மாவட்டம்