மீன்கள் தோணியில் ஏறினால் என்ன குற்றம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு பதிப்பின் சிறுவர் பக்கத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் மனிதர்கள் மழையாகப் பெய்த கதையிலிருந்து தொடங்கினால்தான் விஷயம் விளங்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கல்லடியில் ஒரு சின்னப் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். அடையாள அட்டைப் பிரதி, பிள்ளைகளின் ஒப்படை, மரண அறிவித்தல், நாள் முழுக்க இதுதான் வேலை. படம் என்றால் எனக்குத் தெரிந்தது பாஸ்போர்ட் படம் மட்டும். பக்கத்தில் சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் இருப்பதால் சித்திரம் படிக்கிற பிள்ளைகளும் வருவார்கள். அப்படி ஒரு பின்னேரம் ஒரு தங்கச்சி பென் டிரைவை நீட்டி, “அண்ணன், இதை ஏ3-இல கலர் ஒண்டு” என்றாள். அடித்தேன். வெளியே வந்த தாளைப் பார்த்ததும் மெஷின் குழம்பிவிட்டது, ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அடித்துத் தள்ளுகிறது என்று நினைத்து நிறுத்தப் போய்விட்டேன். கறுப்புக் கோட்டும் வட்டத் தொப்பியும் போட்ட ஆட்கள், பத்திருபது பேரில்லை, ஏராளம் பேர், ஓட்டுக்கூரை வீடுகளுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கிறார்கள், ஒருவர் முகத்திலும் பயமில்லை.

“இவங்க மேல போறாங்களா, கீழ வாறாங்களா?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தான் வகுப்பில நாங்களும் சண்டை பிடிக்கிற” என்று சிரித்துவிட்டுச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வரைந்தவர் பெல்ஜியத்துக்காரர், ரெனே மக்ரித். 1953ஆம் ஆண்டுப் படம். பெயர் என்ன தெரியுமா, கோல்கொண்டா! ஐதராபாத்துக்குப் பக்கத்தில் வைரத்துக்குப் பேர்போன அதே கோல்கொண்டாதான். பெயர் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய நண்பர், லூயி ஸ்குத்னேர் என்ற கவிஞர். தொப்பிக்காரர் மழைக்கும் அந்தக் கோட்டைக்கும் என்ன சொந்தம் என்று இரண்டு நாள் யோசித்தேன், பிடிபடவில்லை, பிடிபடாததுதான் பிடித்திருந்தது. அன்றிலிருந்து கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில் இந்த மாதிரிப் படங்கள்தான் தேடுகிறேன், மனைவிக்கு என்மேல் சந்தேகமே வந்துவிட்டது.

சல்வடோர் டாலி மரக்கிளையில் உருகித் தொங்குகிற மணிக்கூடுகளை 1931இல் வரைந்தார், அது எல்லாருக்கும் தெரிந்த படம். சுவர் முழுக்க இருக்கும் என்று நினைத்திருந்தேன். அளவைத் தேடிப் பார்த்தால் 24க்கு 33 சென்ரிமீற்றர்! ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது, எங்கள் மெஷினில் அசல் அளவிலேயே அடிக்கலாம். ஹைரோனிமஸ் பொஷ் என்பவர் ஐந்நூறு வருடங்களுக்கு முன் மூன்று பலகையில் வரைந்தது இப்போது மட்ரிட் நகரத்துப் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆளைவிடப் பெரிய பழங்கள், பறவைத் தலையோடு உயர்ந்த கதிரையில் குந்தி மனிதரை விழுங்குகிற ஒரு பூதம், இன்னொருவருடைய பின்பக்கத்தில் எழுதிய இசைக் குறிப்பு (கோபிக்காதீர்கள், படத்தில் உள்ளதைத்தான் சொல்கிறேன்). எண்ணெய்க் கொப்பரையும் கிங்கரர்களுமாக எமலோகப் படம் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த நரகம் அந்நியமாகவே தெரியவில்லை. அப்புறம் ஆர்சிம்போல்தோ, ரூடோல்ப் சக்கரவர்த்தியின் முகத்தை முழுக்க முழுக்கப் பழமும் மரக்கறியுமாக வரைந்து கொடுத்தவர், மூக்குக்குப் பேரிக்காய், தலைமயிருக்குத் திராட்சைக் குலை. ராசா கோபிக்கவில்லையாம், சந்தோஷப்பட்டாராம். இந்தக் காலத்தில் ஒரு பிரதேச சபை உறுப்பினரைக்கூட அப்படி வரைந்துவிட்டுத் தெருவில் நடக்க முடியாது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்த படம் ரெமெடியோஸ் வாரோ என்ற பெண் 1958இல் வரைந்தது. தனியாக நிற்கிற ஒரு சிறிய கோபுர அறை, அதற்குள் களைத்த முகத்தோடு ஒருத்தி உட்கார்ந்து கையால் திரிகை சுற்றுகிறாள். திரிகைக்குள் விழுவது நட்சத்திரம். அரைபட்ட நட்சத்திர மாவைக் கரண்டியில் எடுத்து, கூண்டுக்குள் அடைபட்டிருக்கிற பிறை நிலாவுக்குத் தீத்துகிறாள். நாங்கள் நிலாவைக் காட்டிப் பிள்ளைக்குச் சோறு தீத்தினவர்கள். இவள் நிலாவுக்கே தீத்துகிறாள், அதுவும் நித்திரை கெட்ட தாயின் முகத்தோடு. எங்கள் அம்மாவை யாரோ ஸ்பெயினிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போய் வரைந்த மாதிரி இருந்தது. இந்த வாரோ ஸ்பெயினின் உள்நாட்டுப் போரால் நாட்டை விட்டவர், பரிஸ் நகரத்தில் இருந்தபோது ஜேர்மன் படை வர அங்கிருந்தும் ஓடி 1941இல் மெக்சிக்கோ போய்ச் சேர்ந்தவர். அவருடைய சிநேகிதி லெனோரா கரிங்டனும் ஐரோப்பாவில் யுத்தத்துக்குத் தப்பி அங்கே போனவர்தான். கனவு மாதிரி வரைகிற இவர்களுடைய வகைக்குச் சர்ரியலிசம் என்று பெயர், நம்மவர்கள் மீயதார்த்தம் என்று எழுதுகிறார்கள், அதன் அறிக்கையை 1924இல் எழுதிய அந்திரே பிரெத்தோன்கூட முதலாம் உலக யுத்தத்தில் மனம் குழம்பிய சிப்பாய்களை வைத்தியம் பார்த்த விடுதிகளில் வேலை செய்தவர். (எங்கள் பழைய கல்லடிப் பாலம், அதுதான் லேடி மனிங் பாலம், கட்டப்பட்டதும் 1924. இதில் ஒரு அர்த்தமும் இல்லை, எனக்குச் சந்தோஷம், அவ்வளவுதான்.)

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு என்று யாரும் சொல்ல வேண்டாம். சிங்க உடம்பில் யானைத் தும்பிக்கை வைத்த யாளி யாருடையது? தாராசுரம் கோயிலில் ஒரே தலை, இடப்பக்கத்தை மறைத்தால் ஒன்று, வலப்பக்கத்தை மறைத்தால் இன்னொன்று என்று காளையும் யானையும் சேர்ந்து நிற்கிறதே, ரிஷபகுஞ்சரம், அது யாருடையது? ஒன்பது பெண்கள் கையும் காலும் பின்னி ஒரு யானையாகிற நவநாரி குஞ்சரத்தை கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி 1908இலேயே இலங்கைக் கலையைப் பற்றிய தன் புத்தகத்தில் எழுதிவிட்டார். அவ்வளவு தூரம் ஏன், எங்கள் கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலில் போர்த்துக்கேயன் வந்தபோது கல் நந்தி எழும்பிப் புல் தின்றது, சாணமும் போட்டது என்று சொல்லிச் சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள்? அந்தச் சாணத்தைச் சேர்த்துச் சொன்னவன் பெரிய கலைஞன்.

சரி, இப்போது என் மகளின் கதை. தரம் 7 படிக்கிறாள். ஒரு சித்திரப் போட்டிக்கு “எங்கள் வாவி” என்று தலைப்புக் கொடுத்தார்கள். பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று அவளுக்கு அப்பப்பா சொல்லியிருக்கிறார். அவள் அதைத் தலைகீழாக்கிவிட்டாள். தோணியில் மூன்று மீன்கள் குந்தியிருக்கின்றன, ஒரு மீன் துடுப்பில் காதை வைத்திருக்கிறது. தண்ணீருக்கு அடியில் மனிதர்கள் வரிசையாக நின்று வாயைத் திறந்து பாடுகிறார்கள். அதில் ஒருவர் கையில் போட்டோக்கொப்பித் தாள் கட்டு, அது நான். மேலே பாலத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு ஓட்டோ ஓட்டுகிறது. “மீனுக்குக் காது எங்கடா மனே இருக்கு?” என்று கேட்டேன். “தோணியில ஏறினாப் பிறகு முளைக்கும் வாப்பா” என்று பக்கத்து வீட்டுச் சிநேகிதி மாதிரிப் பேசிக் காட்டிவிட்டு, மறுகா தன் குரலில் “அப்பா, கேக்கிறதுக்குத் தேவையெண்டா வரும்தானே” என்றாள்.

படம் திரும்பி வந்தது. பின்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் “தலைப்புக்குப் பொருத்தமில்லை. மீன் நீரில் வாழும்.” முதற்பரிசு பெற்ற படத்தையும் பார்த்தேன். இரண்டு மலை, நடுவில் சூரியன், வளைந்து வருகிற ஆறு, குடிசை, தென்னை. அந்தப் பிள்ளை நிறம் தீட்டினது நன்றாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்லவில்லை. ஆனால் மட்டக்களப்பில் எந்த மூலையில் நின்று பார்த்தால் இரண்டு மலைக்கு நடுவில் சூரியன் வருகிறது என்று யாராவது எனக்குக் காட்டுங்கள். எங்கள் சூரியன் கடலில் எழும்பும், வாவிப் பக்கம் விழும். இங்கே நடக்காததைக் கற்பனையாக வரைந்தது யார், கேட்டு வளர்ந்ததை வரைந்தது யார்?

1996இல் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது இதே ஊரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கித் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்த்துவைத்துக் கதையும் படமும் செய்யவிட்டார்கள். அங்கே பிள்ளைகளின் படத்துக்கு யாரும் சிவப்புப் பேனா பிடித்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். சிறுவர் பக்கத்தில் நீங்கள் போடுகிற படங்களில் முக்கால்வாசி அந்த இரண்டு மலைதான். சிறுகதைக்குப் போடுகிற படமோ இப்போது கொம்பியூட்டர் தானாகச் செய்து தருவது, போன கிழமைக் கதையில் தயிர்ச் சட்டி பிடித்த பெண்ணுக்கு ஆறு விரல். அது கற்பனை இல்லை ஐயா, கவனக்குறைவு. கல்லடியிலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் வரையத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர், மாதத்தில் ஒரு கதையையாவது அவர்களிடம் கொடுத்து, பணமும் கொடுத்து, விருப்பம்போல வரையச் சொல்லுங்கள். சிறுவர் பக்கத்தில் ஒரு மூலையை விளங்காத படங்களுக்கு என்று விடுங்கள். வாசகர் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இன்னுமொன்று, அச்சு. ஆலிஸ் கதைக்கு 1865இல் படம் போட்ட ஜோன் டெனியலுக்கு அச்சடித்த தரம் பிடிக்கவில்லை என்பதற்காக முதல் பதிப்பையே விற்காமல் திருப்பி எடுத்தார்கள். நான் அவ்வளவு கேட்கவில்லை. மகளின் படத்தை ஸ்கேன் செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன், கலர்ப் பக்கம் கிடைக்காவிட்டால் கறுப்பு வெள்ளையில் போட்டாலும் சரி. துடுப்பை மட்டும் அவள் பென்சிலால் மெல்லியதாகத்தான் கீறியிருக்கிறாள், கொஞ்சம் கடுமையாக்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் மீன் எதில் காதை வைத்திருக்கிறது என்றே தெரியாது.

இப்படிக்கு,
போட்டோக்கொப்பிக் கடைக்காரன்,
கல்லடி, மட்டக்களப்பு.