விளக்கு சொன்னதும் வால்வு செய்ததும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கே விபத்து நடந்தாலும் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது, ஆனால் கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ 'மூடு' என்ற உத்தரவு போனதை மட்டும்தான் காட்டியது, வால்வு நிஜமாகவே மூடியதா என்பதைக் காட்டவில்லை. சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள். எதைப் பார்ப்பது? ஒரு மானி தண்ணீர் அதிகம் என்று சொல்ல, ஊழியர்கள் பயிற்சியில் படித்தபடியே அவசரக் குளிர்நீரைக் குறைத்தார்கள், ஆனால் திறந்திருந்த வால்வு வழியே தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்ததால் உலையின் மையப்பகுதி ஏறக்குறைய பாதி உருகிப்போனது.

அவர்கள் ரிஸ்க் எடுக்கவில்லை, பாதுகாப்பானது என்று நம்பியதைத்தான் செய்தார்கள். குழப்பத்தில் மனசு பழகிய வழியைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, இதற்கு இன்னும் பத்துப் பக்கம் விதிமுறை சேர்த்தால் தீருமா? தீராது, சிக்கல்தான் கூடும். 'எனக்குப் புரியவில்லை, நிறுத்துகிறேன்' என்று சொல்லும் ஊழியரிடம் உற்பத்தி நின்றதற்கு விளக்கம் கேட்டு மெமோ நீட்டாதீர்கள். அப்புறம், விசாரணை அறிக்கையில் அந்த நிமிடம் அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.