ஆட்டுக்குக் குடற்புழு மருந்து வேலை செய்யவில்லையா? அடுத்த பாட்டில் வாங்கும் முன் படிக்க

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "போன மாசம்தான் பூச்சி மருந்து ஊத்தினேன், ஆடு தேறவே இல்லை, வேற நல்ல மருந்தா கொடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வேறு பெயர் போட்ட பாட்டிலை எடுத்துக் கொடுப்பது எங்களுக்குச் சுலபம். அதனால் உங்கள் ஆட்டுக்கு ஒரு பயனும் இல்லாமல் போகலாம் என்பதால்தான் இந்த மடல்.

எத்தனை பெயரில் வந்தாலும், செம்மறி ஆட்டின் உருண்டைப் புழுக்களுக்கு நாம் வழக்கமாகத் தரும் மருந்துகள் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். அல்பென்டசோலும் ஃபென்பென்டசோலும் ஒரு வகை. லெவமிசோல் இன்னொன்று. ஐவர்மெக்டின், டோராமெக்டின் போன்றவை மூன்றாவது. ஒரு மருந்துக்குச் சாகாத புழு, அதே வகையின் அடுத்த மருந்துக்கும் பெரும்பாலும் சாகாது. ஆகவே பழைய பாட்டிலைக் கையோடு கொண்டு வாருங்கள். உள்ளே என்ன மருந்து என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.

புழுக்கூட்டத்தில் ஒரு சில, பிறவியிலேயே மருந்தைத் தாங்கக்கூடியவை. மற்றவை செத்துப்போனதும் அவை மட்டும் முட்டையிடுகின்றன. நான்காம் வயிற்றில் ஒட்டி ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் பெண் புழு ஒன்றே ஒரு நாளில் 5,000 முட்டைக்கு மேல் இடும். புதிய மருந்து வந்தாலும் கதை இதுதான். 1961இல் வந்த தயாபென்டசோலுக்குச் சில ஆண்டுகளிலேயே புழுக்களிடம் எதிர்ப்பு, அதாவது மருந்துக்குச் சாகாத தன்மை, கிளம்பிவிட்டது. 2009இல் நியூசிலாந்தில் விற்பனைக்கு வந்த மோனிபேன்டெலுக்கு 2013க்குள் அங்கேயே எதிர்ப்பு பதிவானது.

இதை நாமே வேகப்படுத்துவது பெரும்பாலும் அளவு குறைவதால்தான். எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லி, மந்தை முழுவதற்கும் ஒரே அளவு ஊற்றினால் பெரிய ஆடுகளுக்குப் போதாது. எடை போடுங்கள், ஒரே அளவுதான் முடியும் என்றால் அந்தப் பிரிவில் கனமான ஆட்டின் எடையைக் கணக்கில் எடுங்கள். குட்டிகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள், முக்கியமாக லெவமிசோல் அதிகமானால் நஞ்சாகும். மருந்தை நாக்கின் பின்பக்கம் மேலே, தொண்டையை ஒட்டி விட வேண்டும். வாயின் முன்புறம் விட்டால் ஒரு பகுதி முதல் வயிற்றுக்குப் போகாமல் நேராக நான்காம் வயிற்றுக்குப் போய், சீக்கிரமே வெளியேறிவிடும். சினையின் தொடக்கத்தில் இருக்கும் ஆட்டுக்கு அல்பென்டசோல் வேண்டாம்.

அப்புறம், எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றும் பழக்கம். மந்தையில் உள்ள புழுக்களில் பெரும்பங்கு ஒரு சில ஆடுகளிடம்தான் இருக்கும். கண் இமையின் உள்நிறத்தைப் பார்த்து, ரத்தம் குறைந்த ஆட்டுக்கு மட்டும் மருந்து தரும் ஃபமாச்சா முறை தென்னாப்பிரிக்காவில் உருவானது இதை வைத்துத்தான். வெயில் வெளிச்சத்தில் ஆட்டின் மேல் இமையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, கீழ் இமையை இறக்கி உள்சவ்வைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் விட்டுவிடலாம். வெளிறிப் போயிருந்தாலோ, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினாலோ உடனே மருந்து வேண்டும். ரத்தம் குடிக்கும் புழுவுக்கு மட்டுமே இந்தச் சோதனை பொருந்தும். கழிச்சலும் மெலிவும் தரும் மற்ற புழுக்களுக்குப் புழுக்கைப் பரிசோதனைதான் வழி. மருந்து ஊற்றாமல் விட்ட ஆடுகளில் எதிர்ப்பு இல்லாத புழுக்களும் உயிரோடு இருக்கும். அவற்றின் முட்டை மேய்ச்சல் நிலத்தில் கலந்துகொண்டிருப்பது நமக்கு நல்லது. இதே காரணத்தால், எல்லா ஆட்டுக்கும் ஊற்றிய கையோடு புழு இல்லாத புது நிலத்துக்கு ஓட்டும் பழைய யோசனையை நாங்கள் இனி சொல்வதில்லை. அங்கே பெருகுவது மருந்தைத் தாங்கிய புழு மட்டுமே.

வாங்கி வந்த ஆட்டை நேராக மந்தையில் விடாதீர்கள். கால்நடை மருத்துவர் சொல்லும் இரண்டு வகை மருந்து கொடுத்து, இரண்டு நாளாவது கொட்டிலில் கட்டி, புழுக்கையைச் சோதித்த பிறகு சேருங்கள்.

உங்கள் மந்தையில் எந்த மருந்து வேலை செய்கிறது என்று தெரிய ஒரே நேர்வழிதான் உண்டு. மருந்து கொடுக்கும் அன்று பத்து ஆடுகளின் புதுப் புழுக்கையைத் தனித்தனிப் பையில் காற்றில்லாமல் கட்டி, வெயில் படாமல் கால்நடை ஆய்வகத்தில் கொடுங்கள். அதே ஆடுகளின் புழுக்கையை 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி கொடுங்கள். முட்டை எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் அந்த மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். முடிவுச் சீட்டோடு வாருங்கள், அதைப் பார்த்து மருந்து தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் கால்நடை மருந்துக் கடை